யாரும் ஒன்றும் கேட்காத வாரம்

கிறிஸ்துமஸ் வாரத்தில் ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டில் போய்த் தங்கினோம். அங்குள்ள நான்கு பார்க்குகளில் ஒன்றுக்குள்ளும் கால் வைக்கவில்லை. இதைக் கேட்கும், நாங்கள் வசிக்கும் சார்லட் நகரத்து நண்பர்கள், யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போய்விட்டதா என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பார்க்குக்குப் போவதில்லை என்று வீட்டிலேயே பேசி முடித்துக்கொண்டுதான் காரில் ஏறினோம். நான், கணவர், பத்தாம் வகுப்பு மகன், நான்காம் வகுப்பு மகள், தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த அம்மா. எட்டு மணி நேரத்துக்கும் மேலான பயணம். இவ்வளவு தூரம் போய்விட்டு வாசலோடு திரும்பணுமா என்று மகன் ஜார்ஜியா எல்லைவரை முனகிக்கொண்டே வந்தான்.

டிஸ்னி வேர்ல்டு என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது மேஜிக் கிங்டத்தின் கோட்டை. ஆனால் அந்த இடம் சுமார் நூறு சதுர கிலோமீட்டர் பரப்பு. பார்க்குகள் நான்கும் சேர்ந்து அதில் சிறு பங்கைத்தான் பிடித்திருக்கின்றன. மிச்சமெல்லாம் ஏரி, வாய்க்கால், சைப்ரஸ் மரங்கள் நிற்கும் சதுப்புக் காடு, இருபதுக்கும் மேற்பட்ட ஹோட்டல்கள். 1971 அக்டோபர் 1 அன்று மேஜிக் கிங்டம் திறந்தபோதே கண்டெம்பொரரி, பாலினீசியன் என்ற இரண்டு ஹோட்டல்களும் கூடவே திறந்தன. ஆக, தங்கும் இடமும் பார்க்க வேண்டிய இடமாக இருக்க வேண்டும் என்பது தொடக்கத்திலிருந்தே அவர்கள் திட்டத்தில் இருந்திருக்கிறது. ஹோட்டல் முகப்புக் கூடங்கள், ஏரிக்கரைகள், மோனோரயில், படகு, பஸ், ஸ்கைலைனர் என்னும் தொங்கு வண்டி ஆகிய எதற்கும் டிக்கெட் கிடையாது.

காரணங்கள் இருந்தன. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பார்க்கில் ஒரு நாள் என்றால் பத்து கிலோமீட்டர் நடை சர்வசாதாரணம். சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும் என்றதும், "பிள்ளைய தூக்கிட்டு அலைஞ்ச மாதிரி என்னையத் தள்ளிட்டு அலைய வேண்டாம்" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டாள். பணமும் ஒரு காரணம். மேஜிக் கிங்டத்தின் ஒரு நாள் டிக்கெட், கூட்டம் உச்சத்தில் இருக்கும் நாட்களில், 2022 டிசம்பரிலேயே 189 டாலரைத் தொட்டுவிட்டது. ஐந்து பேருக்குக் கணக்குப் போட்டால் ஒரு பகலுக்கு ஆயிரம் டாலரை நெருங்கும். அவ்வளவு கொடுத்து நுழைகிற வாரம்தான் ஆண்டிலேயே வரிசைகள் மிக நீளமாக இருக்கிற வாரம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களில் இனி ஆள் கொள்ளாது என்று மேஜிக் கிங்டம் வாசலை மூடிய ஆண்டுகளும் உண்டு.

இவையெல்லாம் வெளியே சொன்ன காரணங்கள். யாரிடமும், கணவரிடம்கூட, சொல்லாத காரணம் ஒன்றும் எனக்கு இருந்தது. அம்மா உட்கார்ந்திருக்கிற ஒரு கிறிஸ்துமஸை நான் பார்க்க வேண்டும்.

தூத்துக்குடி வீட்டில் திருவருகைக் காலம் தொடங்கியதுமே அம்மா எழுந்து நின்றுவிடுவாள். குடில் கட்டுவதும் ஸ்டார் தொங்கவிடுவதும் அப்பா, அண்ணன் வேலை. அச்சுமுறுக்கு, முந்திரிக்கொத்து, கலகலா, மக்ரூன் எல்லாம் அம்மா வேலை. மக்ரூன் எங்கள் ஊரில் பேக்கரிகளிலேயே கிடைக்கும். ஆனாலும் வீட்டில் ஒரு டின்னாவது போட்டாக வேண்டும். முட்டையின் வெள்ளைக்கருவைப் பிரித்து, சர்க்கரை போட்டு நுரை கட்டியாகும்வரை அடித்து, பொடித்த முந்திரியைக் கலந்து, சின்னச் சின்னக் கோபுரமாக வைத்து மிதமான சூட்டில் உலர விடுவாள். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து நாங்கள் பட்டாசு வெடித்துவிட்டுத் தூங்குவோம். அம்மா கறி கழுவ உட்காருவாள். அது ஒன்றுதான் அன்றைக்கு அவள் உட்காரும் நேரம். விடிந்தால் பெரியப்பா வீடு, சித்தப்பா வீடு, அக்கம்பக்கத்து இந்து வீடுகளுக்குத் தட்டில் பலகாரம், மதியம் பிரியாணி, சாயங்காலம் வருகிறவர்களுக்கு மறுபடியும் காப்பி. புதுச் சேலையின் மடிப்புக் கலைந்து, முந்தானை இடுப்பில் செருகியபடியேதான் எல்லாப் போட்டோவிலும் இருப்பாள். அப்பா போன பிறகும் இது குறையவில்லை. நான் இங்கே வந்து குடும்பம் வைத்த பிறகு, அமெரிக்காவுக்கு வரும்போதெல்லாம் என் அடுப்படியிலும் அதுவே நடந்தது. தடுத்தால் கோபம் வரும். அடுப்பே இல்லாத இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் என்ன என்று ஒரு நாள் தோன்றியது.

கரீபியன் பீச் என்ற ஹோட்டலில் அறை எடுத்தோம். 1988-ல் திறந்தது. பெரிய ஏரி ஒன்றைச் சுற்றி மஞ்சள், இளஞ்சிவப்பு, நீல வண்ண இரண்டு மாடிக் கட்டடங்கள். ஐந்து பேர் ஒரே அறையில் படுக்கலாம். சுவரிலிருந்து இறங்கும் சின்னக் கட்டில் ஒன்று உண்டு. தரைத்தளத்தில் கேட்டு வாங்கியிருந்தோம். வாசலில் நாற்காலி போட்டால் எதிரே தண்ணீர், தென்னை மாதிரி நிற்கும் பனைவகை மரங்கள், கொக்குகள். டிசம்பரில் சார்லட் உறைந்து கிடக்க, இங்கே பகலில் மெல்லிய சட்டையோடு நடமாடலாம்.

முதல் நாள் நான் நினைத்தபடி நடக்கவில்லை. அம்மா விடியற்காலை எழுந்து ஐந்து பேருடைய படுக்கையையும் இழுத்துவிட்டு, துண்டுகளை மடித்து, காப்பிக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள். நான் கொண்டுபோயிருந்த கெட்டிலில் புரூ காப்பி போட்டு எல்லோருக்கும் நீட்டினாள். ஒன்பது மணிக்குள் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. அறைக்குள் நடந்தாள். ஜன்னல் திரையைத் திறந்தாள், மூடினாள். ஜெபமாலை சொன்னாள். "நாம இப்ப என்ன செய்யப் போறோம்?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். என்னை நம்பாத பார்வை அது. வாசலில் நாற்காலியைப் போட்டு, விளிம்பில் உட்கார்ந்தாள், யாரோ இப்போது கூப்பிடப் போகிறார்கள் என்பதுபோல.

அவளை முதலில் இளக்கியது ஒரு பலகார வீடு.

மேஜிக் கிங்டத்துக்கு எதிரே ஏழு கடல் ஏரி என்ற பெயருள்ள ஏரியின் கரையில் கிராண்ட் ஃப்ளோரிடியன் ஹோட்டல் இருக்கிறது. வெள்ளைச் சுவரும் சிவப்புக் கூரையுமாக விக்டோரியா காலப் பாணி. ஐந்து மாடி உயரம் திறந்து கிடக்கும் முகப்புக் கூடத்தில் கூரையை எட்டும் கிறிஸ்துமஸ் மரம், பியானோ. மரத்துக்குப் பக்கத்தில் ஆள் உள்ளே நின்று விற்பனை செய்கிற அளவுக்குப் பெரிய ஜிஞ்சர்பிரெட் வீடு. 1999-லிருந்து கிறிஸ்துமஸ் காலத்தில் ஹோட்டலின் பேக்கரிக்காரர்கள் கட்டி வந்தது. மரச்சட்டத்தின்மேல் இஞ்சி ரொட்டிப் பலகைகளை ஓடுபோல அடுக்கி ஒட்டியிருக்கிறார்கள். கூடத்துக் கதவைத் திறந்ததுமே கிராம்பும் பட்டையும் தேனும் கலந்த மணம். அம்மா நின்றுவிட்டாள். "அடுப்படி வாசம் அடிக்கி" என்றாள்.

அந்த வீட்டுக்கு என்னென்ன சேர்ந்தது என்ற கணக்கை மகள் படித்துக் காட்டினாள். தேன் 1,050 பவுண்டு, மாவு 800, சாக்லேட் 700, பொடித்த சர்க்கரை 600, மசாலா 35 பவுண்டு. வெள்ளைக்கரு 140 பைன்ட். பைன்ட் என்றால் என்ன என்று அம்மா கேட்டாள். என் கணவர் போனில் கணக்குப் போட்டு, 66 லிட்டர், எப்படியும் இரண்டாயிரம் முட்டைக்குமேல் என்றார்.

அம்மா வாய்மேல் கையை வைத்துக்கொண்டாள். "இவ்வளவு வெள்ளைக்கருவ எடுத்தா, மஞ்சக்கருவ என்ன செஞ்சாவ?"

எங்கள் யாருக்கும் தோன்றாத கேள்வி. மக்ரூன் போடுகிற வீட்டில் டிசம்பர் முழுக்க இதுதான் பிரச்சினை. மிஞ்சிய மஞ்சள் கருவை வீணாக்காமல் ஆம்லெட், புட்டிங் என்று தீர்த்தாக வேண்டும். ஜன்னலில் நின்று விற்ற பெண்ணிடம் நான் மொழிபெயர்த்துக் கேட்டேன். அவர் சிரித்து, பக்கத்திலிருந்த இன்னொருவரைக் கூப்பிட்டார். சமையல்கட்டில் மஞ்சள் கருவுக்கு எப்போதும் தேவை இருக்கிறது, எதுவும் வீணாகாது என்றார்கள். அம்மா அதோடு விடவில்லை. இந்த ஊர் ஈரக்காற்றில் சர்க்கரை நமுத்துப் போகாதா? எங்கள் ஊர்க் கடல்காற்றில் மக்ரூனை டின்னில் அடைத்து வைக்காவிட்டால் சாயங்காலத்துக்குள் பிசுபிசுத்துவிடும். கூடத்தின் குளிர்சாதனம்தான் காப்பாற்றுகிறது என்று பதில் வந்தது. வெள்ளைக்கருவில் ஒரு சொட்டு மஞ்சள் விழுந்தாலும் நுரை ஏறாது என்று அம்மா சொன்னதை நான் சொல்ல, அந்தப் பெண் கையை மார்பில் வைத்து ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு அம்மா எதிரேயிருந்த சோபாவில் போய் உட்கார்ந்தாள். விளிம்பில் இல்லை, முதுகு சாய்த்து. பியானோ நின்று, ஒரு சிறு இசைக்குழு வந்து, அதுவும் போகும்வரை எழுந்திருக்கவில்லை.

அன்று மாலை மோனோரயிலில் ஏறினோம். கிராண்ட் ஃப்ளோரிடியனுக்கு அடுத்த நிறுத்தம் மேஜிக் கிங்டம். கதவு திறந்தது. எங்கள் பெட்டியில் இருந்த எல்லோரும் இறங்கினார்கள். நாங்கள் ஐந்து பேர் மட்டும் அப்படியே இருந்தோம். ஜன்னல் வழியே நுழைவாயிலும், அதற்கப்பால் கோட்டையின் உச்சியும் தெரிந்தன. மகள் நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பேசாமல் இருந்தாள். அடுத்தது கண்டெம்பொரரி. அங்கே ரயில் ஹோட்டலின் வயிற்றுக்குள்ளேயே புகுந்து நிற்கிறது. அறைகளை வேறிடத்தில் எஃகுச் சட்டங்களோடு பெட்டி பெட்டியாகச் செய்து, கிரேனால் தூக்கி, சாய்ந்த சட்டகத்துக்குள் செருகிக் கட்டிய கட்டடம் அது. இந்தக் கதையை என் கணவர் பொறியாளருக்கே உரிய பரவசத்தோடு சொன்னார். நடுக்கூடத்தில் மேரி பிளேர் என்ற ஓவியர் வடிவமைத்த 90 அடி உயர ஓட்டுச் சித்திரம் நிற்கிறது. கிராண்ட் கேன்யனும் அங்குள்ள குழந்தைகளும் ஆடுகளும் பறவைகளும். அதில் ஓர் ஆட்டுக்கு ஐந்து கால். பிள்ளைகள் இருவரும் தளம் தளமாக ஏறி இறங்கி அதைத் தேடிப் பிடித்தார்கள்.

இரவு மறுபடி ஏரிக்கரைக்கு வந்து, தண்ணீருக்கு மேலே வெடித்த மேஜிக் கிங்டம் வாணவேடிக்கையைப் பார்த்தோம். அது அடங்கிய பிறகு ஏரியில் விளக்கு அணிவகுப்பு வந்தது. திமிங்கிலம், ஆமை, கடல் நாகம் என்று விளக்குகளாலேயே வரைந்த உருவங்களை மிதவைகளில் ஏற்றி, ஒரு பழங்காலத்து மின்னணு இசையோடு இழுத்துப் போவார்கள். 1971-லிருந்து நடப்பது. அம்மாவுக்கு வாணத்தைவிட இதுதான் பிடித்தது, மெதுவாகப் போயிற்று என்பதால்.

அறைக்கு வந்ததும் மகள் அழுதாள். கோட்டைக்குள் போக வேண்டும் என்று சத்தமில்லாமல், போர்வைக்குள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவளுக்கு இதைச் சொல்லிச் சமாதானம் செய்யலாம், அதை வாங்கித் தரலாம் என்று எழுந்தேன். அம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள். "அழட்டும் விடு. வேணும்னுதான அழுதா. அது தப்பா?" என்றாள். கட்டிலில் அவள் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள்.

மகனை மாற்றியது ஸ்கைலைனர். 2019-ல் வந்த இந்தத் தொங்கு வண்டிகளுக்கு மைய நிலையமே எங்கள் ஹோட்டல்தான். ஒரு தடம் எப்காட் பார்க்குக்கு, ஒன்று ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கு, ஒன்று ஆர்ட் ஆஃப் அனிமேஷன், பாப் செஞ்சுரி ஹோட்டல்களுக்கு. வண்டிகள் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும், நடந்துகொண்டே ஏற வேண்டும் என்று பயந்திருந்தேன். தடியோடு வருகிறவர்களுக்குத் தனிப் பாதை இருக்கிறது. அங்கே வண்டியை முழுதாக நிறுத்தி ஏற்றுகிறார்கள். எப்காட் நிலையம் பார்க் வாசலுக்கு வெளியேதான். இறங்கியவர்கள் எல்லாம் டிக்கெட் தட்டும் கம்பங்களை நோக்கிப் போக, எதிர்த்திசையில் திரும்பினால் சில நிமிட நடையில் பீச் கிளப், யாட் கிளப், போர்டுவாக் என்று ஒரே ஏரியைச் சுற்றி நிற்கும் ஹோட்டல்கள். பீச் கிளப் கூடத்தில் இஞ்சி ரொட்டியிலும் சர்க்கரையிலும் செய்த ராட்டினக் குதிரைகள். யாட் கிளப்பில் பனி மூடிய சிற்றூர் ஒன்றுக்குள் பொம்மை ரயில். இரண்டாம் நாளே மகன், தான் தனியாகப் போய் வரலாமா என்று கேட்டான். சரி என்றேன். சார்லட்டில் அவனைக் கார் இல்லாமல் எங்கும் அனுப்ப முடியாது. பால் வாங்கக்கூட நானோ அவன் அப்பாவோ ஓட்ட வேண்டும். இங்கே காலை உணவுக்குப் பிறகு கிளம்பி, வண்டியிலும் பஸ்ஸிலும் படகிலும் சுற்றி, இருட்டும் வேளையில் வந்து, எந்த ஹோட்டலில் எந்த மரம் பெரியது என்று ஆச்சியிடம் விவரம் சொன்னான். ஜார்ஜியா எல்லையில் கேட்ட முனகலை அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்திய மாலை திருப்பலிக்கு, பக்கத்திலேயே இருக்கும் அண்டத்தின் அரசி மரியன்னை பேராலயத்துக்குப் போனோம். ஆர்லாண்டோவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்காகவே எழுந்த கோவில். உள்ளூர்க்காரர்களைவிட வழிப்போக்கர்களே நிறைந்திருப்பார்கள். 2009-ல் பசிலிக்கா ஆனது. இதைச் சொன்னதும், "நம்ம பனிமய மாதா 1982-லயே பசிலிக்கா ஆயிட்டாவ" என்று அம்மா நிமிர்ந்துகொண்டாள். ஆங்கிலப் பிரசங்கம் அவளுக்கு அதிகம் புரிந்திருக்காது. ஆனால் திருப்பலியின் ஒழுங்கு எங்கேயும் ஒன்றுதான். பதிலுரைகளை எல்லாம் தமிழிலேயே, வாய்க்குள், ஒன்றுகூடத் தப்பாமல் சொன்னாள். எங்களுக்கு முன்வரிசையில் ஸ்பானிய மொழியில் ஒரு பாட்டி அதையே செய்துகொண்டிருந்தார்.

கிறிஸ்துமஸ் அன்று அனிமல் கிங்டம் லாட்ஜ். பீட்டர் டாமினிக் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 2001-ல் திறந்த ஹோட்டல். கூரை வேய்ந்த பெரிய கூடம், நைஜீரியாவின் இக்போ மக்களுடைய இஜேலே முகமூடி, சுவரெங்கும் ஆப்பிரிக்கக் கலைப்பொருட்கள். ஆனால் மக்கள் போவது பின்பக்கத்துக்கு. கட்டடத்தைச் சுற்றி நான்கு புல்வெளிகள். ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, காட்டுமாடு, மான் வகைகள், பறவைகள். அங்கே தங்காதவர்களும் கூடத்தைக் கடந்து பாறைத் திட்டுக்குப் போய் நின்று பார்க்கலாம். பண்டிகை நாளில் வெளிக்கார்களை எளிதில் உள்ளே விடமாட்டார்கள் என்பதால், கிடானி பகுதியில் உள்ள சனா உணவகத்தில் முன்பே மேசை பதிவு செய்திருந்தோம். இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா போன சமையல் அங்கே கிடைக்கும். நான் ரொட்டியும் மற்ற ரொட்டிகளும் ஒரு தட்டில், ஒன்பது சிறு கிண்ணங்களில் மாங்காய்ச் சட்னி, புளி, கொத்தமல்லி, பூண்டு ஊறுகாய் என்று வரிசை. அம்மா ஒவ்வொன்றையும் விரல் நுனியில் தொட்டுப் பார்த்து, ஊறுகாய்க்கு மட்டும் சரி என்று தலையசைத்தாள். கண்ணாடிக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி ஒன்று நடந்து போயிற்று. அவள் அதைப் பார்க்கவில்லை. அதற்கும் அப்பால் ஒரு மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கோலே மாடு. உகாண்டா, ருவாண்டா பக்கத்து இனம். அடிப்பகுதி தொடை கனத்தில் எழுந்து, அகன்று வளைந்து மேலே போகும் கொம்புகள். உடம்புச் சூட்டை அந்தக் கொம்புகளின் ரத்த நாளங்கள் வழியாக வெளியேற்றிக்கொள்ளும் என்பார்கள். சாப்பாடு முடிந்ததும், வெளித்திட்டில் இருந்த ஒரு பெஞ்சில் அம்மா போய் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில். பிள்ளைகளும் அவர்கள் அப்பாவும் அந்தப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்விட்டார்கள். மாடு மேய்ந்தது, நின்றது, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மண்ணில் உரசியது. அம்மா பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று நான் மணி பார்க்கவில்லை. வெயில் பெஞ்சின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வந்திருந்தது.

என்னால் பொறுக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். "ம்மா, உன்ன ஒரு கிறிஸ்துமஸாவது உக்கார வைக்கணும்னுதான் இங்க கூட்டிட்டு வந்தேன். ஊர்ல நீ நின்னுக்கிட்டே இருப்ப. பார்த்துப் பார்த்து எனக்கு அது தாங்கல."

அவள் மாட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நின்னது எனக்குக் கஷ்டம்னு யாரு சொன்னா பிள்ள?" என்றாள். கொஞ்சம் கழித்து அவளே தொடர்ந்தாள். "வீடு நெறைய ஆளு. அந்தச் சேலை எங்க, இந்தச் சாவி எங்க, இவாளுக்கு என்ன குடுக்க, அவாளுக்கு என்ன சொல்லன்னு ஆளாளுக்கு என்கிட்டதான் வந்து நிப்பாவ. அடுப்பு முன்னால நின்னா மட்டும், எண்ணெய் காயுதுன்னு யாரும் கிட்ட வரமாட்டாவ. அச்ச முக்கி எடுத்துப் போட்டுக்கிட்டே நான் பாட்டுக்கு நிப்பேன். அங்கதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு." பிறகு, "இங்கயும் யாரும் என்கிட்ட ஒண்ணும் கேக்கல. அதான் நல்லா இருக்கு. உக்காந்ததுனால இல்ல."

எத்தனையோ டிசம்பர்களாக நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த எண்ணெய்ச் சட்டிக்கும் அவளுக்கும் நடுவே இருந்த தனிமை என் கண்ணில் பட்டதே இல்லை. களைப்பு என்பது காலில்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டே இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது, இரண்டு பிள்ளைகளையும் ஒரு வேலையையும் வீட்டையும் நடத்துகிற எனக்கே தெரிந்திருக்க வேண்டியது. தெரியும்தான், அம்மாவோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

பார்க்குகளைப் பற்றியும் அந்தப் பெஞ்சில்தான் ஒன்று பிடிபட்டது. முன்பு ஒரு கோடையில் பிள்ளைகளோடு அவற்றுக்குப் போயிருக்கிறோம். அருமையான இடங்கள். அங்குள்ள சவாரிகளைச் செய்தவர்களின் கற்பனைமேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் விழித்தது முதல் படுக்கும்வரை அங்கே நம்மை ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறது. எந்த வரிசை, எத்தனை மணிக்கு, காசு கட்டி முந்தலாமா, மதியச் சாப்பாட்டை இப்போதே போனில் சொல்லிவிடலாமா, ஊர்வலத்துக்கு எந்த இடத்தில் நிற்பது. அந்தக் கேள்விகளுக்கெல்லாம் எங்கள் குடும்பத்தில் பதில் சொன்னவள் நான். இந்த வாரம் அந்தக் கேள்விகள் எழவே இல்லை. மகன் தனியாகக் கிளம்பியதும், மகள் நீச்சல் குளத்தின் கோட்டைச் சறுக்கில் பகல் முழுக்கக் கிடந்ததும், கணவர் மோனோரயில் பாதையின் அடியில் நின்று தூண்களை அண்ணாந்து பார்த்ததும், யாரும் யாரிடமும் "அடுத்து என்ன" என்று கேட்காததால் நடந்தவை.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயங்கள். ஹோட்டலிலிருந்து ஹோட்டலுக்கு நேர் பஸ் கிடையாது. டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைத்தெருவுக்குப் போய் அங்கிருந்து மாற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களோடு போனால் கார் இருப்பது நல்லது. கிறிஸ்துமஸ் வாரத்தில் அறை வாடகையும் மலிவில்லை. பணம் மட்டுமே காரணமென்றால் வெளியே குறைந்த விலை ஹோட்டலில் தங்கி, பகலில் வந்து இவற்றைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

கடைசி மாலை எங்கே போவது என்று நான் வாய் திறக்கவில்லை. மகன்தான் ஆச்சியை ஃபோர்ட் வில்டர்னஸுக்குக் கூட்டிப் போகலாம் என்றான். காட்டுக்குள் கூடாரமும் வண்டிவீடும் போட்டுத் தங்கும் இடம். கிறிஸ்துமஸுக்கு அங்கே வருகிறவர்கள், சிலர் ஆண்டுதோறும் வருகிறவர்கள், தங்கள் இடத்தை வீட்டு முற்றம்போல அலங்கரிக்கிறார்கள். மரம், விளக்கு, ஊதிய பொம்மைகள், ஒரு முகாமில் வைக்கோல் போட்டுக் குழந்தை இயேசுவின் குடில். அந்தக் குடிலைக் கட்டிய முதியவரும் அம்மாவும் பாஷை தெரியாமலேயே மாட்டுப் பொம்மையை எந்தப் பக்கம் வைப்பது என்று பேசி, அதை இடம் மாற்றினார்கள். நெருப்பு மூட்டி எல்லோரும் பாடினார்கள். பிள்ளைகள் குச்சியில் மார்ஷ்மெல்லோ வாட்டினார்கள்.

மகளுக்குக் கோட்டை ஆசை தீரவில்லை, தீர வேண்டியதும் இல்லை. பிப்ரவரியில், கூட்டம் வடிந்த ஒரு வாரநாளில், அவளும் அப்பாவும் மட்டும் போய் மேஜிக் கிங்டத்தைக் காலை முதல் இரவுவரை பார்த்தார்கள். மறுநாள் ஊர் திரும்பும் முன் அனிமல் கிங்டம் லாட்ஜில் ஒரு தடவை நிறுத்தச் சொன்னாளாம். அங்கிருந்து அங்கோலே மாட்டைப் படம் எடுத்து, அதற்குள் ஊருக்குத் திரும்பிவிட்டிருந்த ஆச்சிக்கு, "உங்க மாடு" என்று எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள். தூத்துக்குடியிலிருந்து குரல் பதிவு வந்தது. "ஏட்டி, இது அது இல்ல. அதுக்கு எடது கொம்பு நுனி உள்ளாக்க வளைஞ்சிருக்கும். இது நேரா போகு. அது அந்தப் பக்கம் மரத்தடியில நிக்கும், நல்லா பாரு."